கோல்டு ஈமெயில்: தன்னறிமுக மடல்

முன்பின் பழக்கமில்லாத ஒருவருக்கு, அவர் கேட்காமலே, தொழில் நிமித்தமாக அவருக்கென்றே எழுதும் மின்னஞ்சலைத்தான் கோல்டு ஈமெயில் (cold email) என்கிறார்கள். 'அவருக்கென்றே' என்பதுதான் இதில் உயிர்.

இதைக் 'குளிர் மின்னஞ்சல்' என்று மொழிபெயர்ப்பது பொருளைத் தலைகீழாக்கிவிடும். ஆங்கிலக்காரர் ஊரில் வெயில் அரிது. அங்கே நெருக்கம் என்றால் கதகதப்பு, ஒட்டாமை என்றால் குளிர். நம் வெயிலில் பிறந்த மொழிக்கு வேறு கணக்கு. மனம் குளிர்ந்தால் மகிழ்ச்சி, கொதித்தால் கோபம், வயிறு எரிந்தால் பொறாமை. 'குளிர் மின்னஞ்சல்' என்றால் படித்ததும் உள்ளம் குளிரும் கடிதம் என்றுதான் தமிழ்க் காதில் விழும்.

மின்னஞ்சலுக்கு முன்பே கோல்டு கால் இருந்தது: சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது, பிறகு தொலைபேசியில் அழைப்பது. தெரிந்தவர் வழியாக வந்த வாடிக்கையாளர் 'வார்ம் லீட்'. இந்த இரண்டாம் வகை நமக்குப் பழையது. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வள்ளலின் பெயரும் வழியும் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. இசைப்பாணரான பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்தனுப்பும்படி மதுரை ஆலவாய் இறைவன் சேர மன்னர் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம், அசல் பரிந்துரை மடல். கோல்டு ஈமெயிலில் அப்படி இடையில் நிற்க ஆள் இல்லை. எழுதுபவரே தன் முகத்தை அறியச் செய்ய வேண்டும். 'அறிமுகக் கடிதம்' என்றால் பிறர் தந்த கடிதம் என்றும் பொருள்படும். ஆகவே 'தன்னறிமுக மடல்' பொருந்தும். ஓலையில் எழுதிய காலத்து 'மடல்' மின்னஞ்சலிலும் வழங்குகிறதே.

கேட்காதவர்களுக்கு மொத்தமாக அனுப்பும் எரிதம், அதாவது ஸ்பேம், வேறு. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தின் கேரி துர்க், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் ஏறக்குறைய 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பினார். அதுவே முதல் எரிதம் எனப்படுகிறது. பெற்றவர்களுக்கு அனுப்பியவரைத் தெரியாது என்பது அங்கே குற்றமில்லை. அத்தனை பேருக்கும் ஒரே வாசகம் போனதுதான் குற்றம்.

சிவகாசியில் அட்டைப்பெட்டி அச்சிடும் சிறிய ஆஃப்செட் அச்சகம் ஒன்று, சத்துமாவும் சிறுதானியப் பண்டமும் விற்பவர்களைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நல்ல முகவரிப் புத்தகம் மளிகைக் கடை அலமாரிதான். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் புகார் சொல்லத் தொடர்பு எண்ணும் உறைமேல் இருக்க வேண்டும். மின்னஞ்சலும் பெரும்பாலும் இருக்கும். அது புகாருக்கான பெட்டி. அங்கே விலைப்பட்டியலை அனுப்பக் கூடாது. 'பேக்கிங் பொருள் வாங்குவதை யார் கவனிக்கிறார்கள்?' என்று ஒரு வரி கேட்கலாம், அல்லது போன் செய்து கேட்கலாம். சிறு நிறுவனமாக இருந்தால் முதலாளியே எடுப்பார்.

கிடைத்ததை எக்செல் தாளில் ஏற்றுங்கள்: நிறுவனம், ஆள், பொறுப்பு, மின்னஞ்சல், எங்கே கிடைத்தது, தனிக்குறிப்பு, அனுப்பிய நாள், பதில். தனிக்குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு அனுப்ப வேண்டாம். 'அரைக்கிலோ பெட்டியின் மடிப்பில் மை உதிர்கிறது' என்பது தனிக்குறிப்பு. 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனம்' என்பது யாருக்கும் பொருந்தும், ஆகவே யாருக்கும் ஆகாது. இப்படி 30 பெயர் சேர்ப்பதற்கே ஒரு வாரம் ஆகும். விலைக்கு விற்கும் பட்டியலில் ஆயிரக்கணக்கில் கிடைக்குமே என்றால், அதில் செத்த முகவரிகளும் எரிதம் அனுப்புவோரைப் பிடிக்க வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். மடல்கள் போய்ச் சேராமல் திரும்பி வர வர, உங்கள் டொமைனின் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) நற்பெயர் கெடும். அதன்பின் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்கூட ஸ்பேம் பெட்டிக்குப் போகும்.

மடல் 100 சொல்லுக்குள் நிற்கட்டும். முதல் வரி அவருடைய பெட்டியைப் பற்றியது, அடுத்தது அந்தக் குறைக்கு நீங்கள் செய்யக்கூடியது, கடைசியில் ஒரே ஒரு கேள்வி: 'மாதிரிப் பெட்டி இரண்டு அனுப்பட்டுமா?' முதல் மடலிலேயே 8 எம்பி கேட்லாக்கை இணைக்காதீர்கள். தெரியாதவர் அனுப்பிய இணைப்பை யாரும் திறப்பதில்லை.

அனுப்பும் முன் டொமைனின் டிஎன்எஸ் பகுதியில் (அதன் பதிவுகளை வைக்கும் இடம்) எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளைப் போட்டுவிடுங்கள். மடல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பெறும் பக்கம் சரிபார்க்க உதவுபவை இவை. நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியது. மற்றவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பதும் அதன் விதி. நாளுக்கு 20 மடல் அனுப்பும் இடத்தில் ஒருவர் புகார் பொத்தானை அழுத்தினாலே 5 சதவீதம்! புது டொமைன் என்றால் நாளுக்கு ஐந்தாறோடு தொடங்குங்கள்.

பதில் இல்லையென்றால் நான்கு வேலை நாள் கழித்து அதே மடலின் தொடர்ச்சியாக இரண்டு வரி, ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதோடு நிறுத்திவிட வேண்டும். அமெரிக்காவுக்கு எழுதினால், 2003ஆம் ஆண்டின் கேன்-ஸ்பேம் சட்டப்படி உங்கள் அஞ்சல் முகவரியும் 'இனி வேண்டாம்' என்று சொல்ல வழியும் மடலில் இருக்க வேண்டும். வேண்டாம் என்றவரை 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும்.

ஒரே மடலில் ஆளுக்கு ஆள் பெயரை மாற்றி நிரப்பும் மெயில் மெர்ஜில் நம்மூர்ப் பெயர்களுக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. பெயரின் முதல் பகுதியை எடுத்து விளிக்கும்படி அந்த மென்பொருள் அமைந்திருக்கும். நம் பெயரின் முன்னால் நிற்பதோ அப்பாவின் தலைப்பெழுத்து. 'அன்புள்ள கே.' என்று தொடங்கும் மடல் இயந்திரம் அனுப்பியது என்று அப்போதே தெரிந்துவிடும். விளிக்கும் பெயருக்குத் தாளில் தனிக் கட்டம் வைத்து, 30 பெயரையும் கையாலேயே நிரப்புங்கள்.