குமாஸ்தா என்று நினைத்துவிடாதீர்கள்

ஊரில் என் பெரியப்பா வக்கீல். அவருடைய குமாஸ்தா கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு பின்னாலேயே வருவார். வாய்தா தேதி குறிப்பார், ஸ்டாம்ப் ஒட்டுவார், கட்சிக்காரருக்கு டீ வாங்கித் தருவார். இங்கிலாந்தில் வக்கீல்கள் இரண்டு வகை: கட்சிக்காரரைப் பார்த்து வழக்கு வேலைகளைக் கவனிப்பவர் சொலிசிட்டர், பெரும்பாலும் கோர்ட்டில் நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். லண்டனில் சொலிசிட்டர் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், "பாரிஸ்டர் வேண்டுமென்றால் கிளார்க்குக்குப் போன் போடு" என்று சீனியர் சொன்னபோது எனக்கு அந்தக் குமாஸ்தாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அதே நினைப்பில் போன் போட்டு, ஒரு பாரிஸ்டர் பெயரைச் சொல்லி, அவரிடம் லைனைக் கொடுக்கச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் கோபப்படவில்லை. என்ன வழக்கு, எந்த கோர்ட், எத்தனை நாள், எவ்வளவு செலவழிக்க முடியும் என்று வரிசையாகக் கேட்டார். ஐந்தே நிமிடத்தில், நான் கேட்டவரை விட்டுவிட்டு வேறொருவரை அமர்த்திக் கொடுத்துவிட்டார். என் தலையில் யாரையோ கட்டிவிட்டார் என்று எரிச்சலோடு போனை வைத்தேன். வந்தவர் அதே கோர்ட்டில் வாராவாரம் நிற்பவர் என்பது விசாரணை அன்றுதான் தெரிந்தது.

இங்கிலாந்தில் பெரும்பாலான பாரிஸ்டர்கள் யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை. தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள், சில பத்துப் பேராகச் சேர்ந்து ஒரு சேம்பர்ஸ் வைத்திருப்பார்கள். கட்டடமும் கிளார்க்குகளும் பொது, வருமானம் அவரவருக்கு. லண்டனில் பாரிஸ்டர்கள் நிறைந்த டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் பக்கம் நடந்தால் வாசலுக்கு வாசல் பெயர்ப்பட்டியல் தெரியும். அந்தப் பட்டியலில் உள்ள எல்லோருடைய டைரியும் கிளார்க் கையில். புதிதாக வரும் வழக்கு யாருக்குப் பொருந்தும், எவ்வளவு ஃபீஸ், பணம் எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அவர் பேசித் தீர்ப்பது.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பாரிஸ்டருக்குத் தருவது கூலி அல்ல, சன்மானம் என்பதுதான் இங்கே நெடுநாள் கோட்பாடு. 1990-இல் சட்டம் மாறும் வரை ஃபீஸ் பாக்கிக்காக அவர் வழக்குப் போடவே முடியாது. பணத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாத ஒருவருக்கு, அதைக் கூச்சமில்லாமல் பேச ஒரு ஆள் வேண்டாமா? பள்ளிப் படிப்போடு வந்து, கோப்பு தூக்கி, சீனியர் கிளார்க் ஆனவர்கள் நிறைய. அப்பா கிளார்க், பிள்ளையும் கிளார்க் என்ற குடும்பங்களும் உண்டு. முன்பு பாரிஸ்டர் வாங்கும் ஃபீஸில் இவர்களுக்குச் சதவீதம். இப்போது பல சேம்பர்ஸில் சம்பளம், போனஸ். "பிராக்டிஸ் மேனேஜர்" என்று பெயரைக்கூட மாற்றிக்கொண்டார்கள். வேலை அதேதான்.

ஆக, கிளார்க் உங்கள் ஆள் அல்ல. பாரிஸ்டர்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவர், அவர்களால் சம்பளம் பெறுபவர். இதை மறக்கக் கூடாது. ஆனால் ஒரு நல்ல கிளார்க் நமக்குப் பொருந்தாத ஆளை அனுப்ப மாட்டார். அனுப்பினால் அடுத்த வழக்கோடு நான் பக்கத்து வாசலுக்குப் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு, வேலை நீக்கப் பிரச்சினையோடு ஒருவர் வந்தார். வேலைத் தகராறுகளை விசாரிக்கும் எம்ப்ளாய்மென்ட் டிரிபியூனலில் இரண்டு நாள் விசாரணை. "கே.சி. யாராவது வேண்டும், கடன் வாங்கியாவது கட்டுகிறேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) என்பது மூத்த பாரிஸ்டர்களுக்குக் கிடைக்கும் பட்டம். ராணி எலிசபெத் இறந்த 2022 செப்டம்பர் வரை கியூ.சி. (குயின்ஸ் கவுன்சல்) என்றிருந்தது. கிளார்க்கிடம் கேட்டேன். அவர் நினைத்திருந்தால் அங்கேயே பெரிய தொகைக்குக் கணக்கு எழுதியிருக்கலாம். "இந்த வழக்குக்கு அவர் எதற்கு? எங்களிடம் எட்டு வருட அனுபவத்தில் ஒரு பெண் இருக்கிறார், மாதம் மூன்று முறை இதே வேலையாகத்தான் போகிறார்" என்றார். கட்சிக்காரருக்கு அரை மனசு. நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய டாக்டர், பெரிய வக்கீல் என்றால்தான் நிம்மதி. முதல் சந்திப்பில், அவரே கவனிக்காத ஒரு மின்னஞ்சலை அந்தப் பெண் எடுத்துக் காட்டிய பிறகு பட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

கிளார்க்கிடம் எதையும் மறைக்காதீர்கள். நான் ஒருமுறை மறைத்தேன். மூன்று நாள் இழுக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்தும், ஃபீஸ் குறையட்டும் என்று "ஒரு நாள் வேலைதான்" என்றேன். பிரீஃப் ஃபீ என்பது தயாரிப்புக்கும் முதல் நாளுக்கும் சேர்த்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரிஃப்ரெஷர் என்று தனித் தொகை. அந்தத் தொகை என்னவென்று நான் பேசி வைக்கவில்லை. முதல் நாள் மாலையே வழக்கு முடியாது என்று தெரிந்துவிட்டது. பாரிஸ்டருக்கோ மறுநாள் வேறு ஊரில் வழக்கு. அன்று இரவு கிளார்க் டைரியைப் புரட்டிப் போட்டு ஏதோ சரிக்கட்டினார். அந்த ரிஃப்ரெஷர் பில்லைக் கட்சிக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து நான் தூங்கவில்லை.

அதனால் பேசும்போதே ஃபீஸுக்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்டுவிடுங்கள். விசாரணைக்கு முன் ஒரு சந்திப்பு உண்டா, கோர்ட்டுக்கு எழுதித் தரும் ஸ்கெலிட்டன் ஆர்கியுமென்ட் அதில் சேருமா என்று தெரிய வேண்டும். சொன்ன தொகையில் வாட் வரி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். 3,000 பவுண்ட் என்றால் 20% வாட்டோடு 3,600 ஆகிவிடும். முக்கியமாக, எந்தத் தேதியில் பிரீஃப் ஃபீ உறுதியாகிறது? அந்தத் தேதிக்குப் பிறகு வழக்கு சமரசமானாலும் பல நேரம் முழுத் தொகையும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: "அவரால் வர முடியாமல் போனால் யார்?" அவருடைய முந்தைய வழக்கு இழுத்துக்கொண்டால் உங்கள் பிரீஃப், அதாவது அவரிடம் ஒப்படைத்த வழக்கு, திரும்பி வந்துவிடும். இங்கே இதை ரிட்டர்ன் என்பார்கள். கிளார்க் மாற்று ஆளைத் தேடுவார், சில சமயம் விசாரணைக்கு முந்தின நாள் மாலையில். கிரிமினல் வழக்குகளில் இது சர்வ சாதாரணம். ஏமாற்று வேலை இல்லை, நீங்கள் பயப்படவும் வேண்டாம். ஆனால் மாற்று ஆளின் பெயரும் அனுபவமும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் வாசலில் முகம் வெளுக்காது. அப்புறம், எதிர்த்தரப்புப் பாரிஸ்டரும் அதே சேம்பர்ஸ் என்று தெரிந்து, "இரண்டு பேரும் கூட்டு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒவ்வொருவரும் தனித் தொழில் செய்பவர் என்பதால் விதி இதை அனுமதிக்கிறது.

சொலிசிட்டர் இல்லாமல் நேரடியாகப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போகலாம். 2004 முதல் பொதுமக்கள் நேரடியாகப் பாரிஸ்டரை அமர்த்தலாம், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை மட்டும். அப்போதும் முதலில் பேசுவது கிளார்க்கிடம்தான். வழக்கு மிகவும் சிக்கலாக இருந்தாலோ, உங்களால் கடிதப் போக்குவரத்தைச் சமாளிக்க முடியாது என்று தோன்றினாலோ, முதலில் சொலிசிட்டரைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். காரணம், தனி அனுமதி இல்லாத பாரிஸ்டர் உங்கள் சார்பில் வழக்கைத் தாக்கல் செய்ய மாட்டார். படிவம் அனுப்புவதும், கெடு தேதியைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. குடியேற்ற மேல்முறையீட்டுக்கு நாட்டுக்குள் இருப்பவருக்கு 14 நாள்தான் அவகாசம். பத்தாவது நாள் கிளார்க்கைக் கூப்பிட்டால் அவரும் என்ன செய்வார்? லீகல் எய்ட் (வழக்குச் செலவுக்கு அரசு தரும் உதவி) கிடைக்கும் நிலையில் இருந்தால் நேரடியாகப் போவதில் அர்த்தமே இல்லை, சொலிசிட்டரிடம் போங்கள்.

நம் சமூகத்தில் "பாரிஸ்டர்" என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசு ஆபத்தானது. பாரிஸ்டர் பட்டம் வாங்கியவர் எல்லோருக்கும் தொழில் செய்ய அனுமதி இல்லை. அதற்கு வருடாவருடம் பிராக்டிசிங் சர்டிஃபிகேட் வேண்டும். பாரிஸ்டர்களைக் கண்காணிக்கும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால், அனுமதி இருக்கிறதா, நேரடி வழக்கு எடுப்பவரா, முன்பு தண்டனை எதுவும் உண்டா என்று ஒரு பைசா செலவில்லாமல் பார்க்கலாம். கல்யாண வீட்டில் அறிமுகமாகி, "அந்த சேம்பர்ஸ் கிளார்க் என் ஆள், ஒரு தொகை கொடுத்தால் நல்ல பாரிஸ்டரைப் பிடித்துத் தருகிறேன்" என்பவரை நம்ப வேண்டாம். வழக்கு கொண்டு வந்ததற்காகப் பாரிஸ்டர்கள் தரகு கொடுப்பது விதிப்படி தடை. கிளார்க்கோடு பேச இடைத்தரகர் தேவையும் இல்லை. சேம்பர்ஸ் இணையதளத்திலேயே எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும்.

கூப்பிடும் முன் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு எதிராக, எந்த கோர்ட், அடுத்த தேதி என்ன, இதுவரை என்ன உத்தரவு, உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும். எதிராளியின் முழுப் பெயரை விட்டுவிடாதீர்கள். அந்தப் பாரிஸ்டர் ஏற்கெனவே எதிராளிக்கு ஆலோசனை சொல்லியிருந்தால் உங்களுக்கு வர முடியாது, அதைத்தான் கிளார்க் முதலில் சோதிப்பார். கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை, அதைப் பாரிஸ்டர் கேட்டுக்கொள்வார். இன்னொன்று, மாலை நான்கு மணிக்கு மேல் கூப்பிடாதீர்கள். மறுநாள் வழக்குப் பட்டியல் வரும் நேரம், கிளார்க் அறையில் ஒரே களேபரமாக இருக்கும். காலை பத்தரை மணிக்குப் பாரிஸ்டர்கள் கோர்ட்டுக்குள் போனதும் அந்த அறை கொஞ்சம் மூச்சு விடும். நான் அப்போதுதான் போன் போடுவேன்.