தண்ணீரில் நிறம் மாறும் தூண்டில்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மருமகன், பதினைந்து வயதுப் பெடியன், ஒரு சின்னத் தகரப் பெட்டியோடு வந்திறங்கினான். உள்ளே ட்ரவுட் மீன் பிடிக்கிற பொய்ப் பூச்சிகள். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டியவை, ஒவ்வொன்றும் நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது. பக்கத்து வீட்டு அண்ணை நம் திருகோணமலைத் திருக்கடலூர்க் கரையிலிருந்து முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதில என்னத்தைப் பிடிக்கிறது, நெத்தலியையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பெடியன் விடவில்லை. செம்மஞ்சள் பட்டுநூல் சுற்றிய ஒன்றைத் தண்ணீர்க் கிளாசுக்குள் போட்டுக் காட்டினான். போட்ட கையோடு அவனே திகைத்துப் போனான். "மாமா, சாயம் கழண்டுட்டுது!" தோடம்பழம் போலிருந்த உடம்பு கருஞ்சிவப்பும் பழுப்புமாக மாறியிருந்தது. தண்ணீரோ தெளிவாகவே இருந்தது. கழண்ட சாயம் எங்கே போனது?

அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இந்தப் பூச்சிகளைப் பற்றிக் கொஞ்சம். ட்ரவுட் நம் மீன் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிரித்தானியர் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்டது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 15 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் தண்ணீர் 10 மில்லிகிராம் அளவுக்கு ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் ஏழரை அளவுதான். அந்த மலை ஓடைகளில் சிலவற்றின் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, கடைசியில் மூதூர்ப் பக்கம் நம் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. தண்ணீர் இறங்கி வரும், ட்ரவுட் வராது.

அது தின்பது பெரும்பாலும் பூச்சிகளை. குளத்தில் தும்பியின் இளம்பருவத்தைப் பார்த்திருப்பீர்கள்: இறக்கை இல்லாமல், கல்லுக்கும் பாசிக்கும் இடையில் ஊர்ந்து திரியும். அந்தப் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். அதைப் போலக் கட்டினால் தூண்டிலுக்கும் அதே பெயர். நீருக்குள் அமிழ்ந்து போகும்படி, இறகு வைத்துக் கட்டுவது வெட் ஃப்ளை. கட்டுகிற வேலை எளிது. முள்ளைச் சிறு பிடியில் இறுக்கி, நூலைச் சுற்றி, வால் வேண்டுமென்றால் வைத்து, உடம்பு சுற்றி, தலையருகே இறகை ஓரிரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். பிராங்க் சோயர் என்ற இங்கிலாந்து ஆற்றுக் காவலர் நூலையே விட்டுவிட்டு மெல்லிய செப்புக் கம்பியால் கட்டினார். கம்பியே கட்டும், கம்பியே பாரமுமாகும். இது புதுக் கலையும் அல்ல. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்ற ரோமர், மசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றிச் சேவல் இறகு கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

சரி, சாயத்துக்கு வருவோம். என்னைப் பிடித்துக்கொண்டது இந்த இடம்தான்.

பட்டுநூல் ஒற்றை இழை அல்ல, பல நுண்ணிழைகளின் கற்றை. இழைகளுக்கு இடையில் காற்று நிறைந்திருக்கிறது. ஒளி காற்றிலிருந்து இழைக்குள்ளும், இழையிலிருந்து காற்றுக்குள்ளும் போகிற ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பங்கு தெறித்துத் திரும்பும். எவ்வளவு என்பதை இரண்டு ஊடகங்களின் முறிவுச்சுட்டிகளுக்கு (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்று சொல்கிற எண்) உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது. காற்று 1, பட்டு ஏறத்தாழ 1.55. நேராக விழுகிற ஒளியில் நூறில் ஐந்து பங்கு போல ஒவ்வொரு எல்லையிலும் திரும்பிவிடும். நூறு எல்லைகள் அடுக்கடுக்காக இருந்தால், ஒளி உள்ளே ஆழமாகப் போகுமுன்பே வெளியே வந்துவிடுகிறது. சாயத்தைச் சந்திக்க அதற்கு நேரமில்லை. வெளுத்த, பளிச்சென்ற செம்மஞ்சளாக நமக்குத் தெரிவது அதனால்தான்.

இப்போது தண்ணீரில் போடுங்கள். காற்று இருந்த இடுக்குகளில் நீர் புகுகிறது. நீரின் முறிவுச்சுட்டி 1.33, பட்டுக்கு மிகவும் கிட்ட. எல்லையில் தெறிப்பது நூறில் அரைப் பங்கை ஒட்டிக் குறைந்துவிடும். ஒளி இழைக்கு மேல் இழையாக உள்ளே போய், சாயத்தில் பலமுறை பட்டு, நிறைய உறிஞ்சப்பட்டு, மிச்சம் மட்டும் திரும்புகிறது. நிறம் ஆழமாகிறது, கருக்கிறது. ஒரு துளி சாயம் கூடக் கழரவில்லை. டச்சுக் குடாவில் அலை ஏறி இறங்கிய மணல் கருத்துக் கிடப்பதும், நனைந்த வெள்ளைச் சட்டையில் தோல் தெரிவதும் இதே கணக்குத்தான்.

தோல் தெரிகிறது என்றேனே, அதுதான் முக்கியம். நனைந்த பட்டு பாதி ஒளிபுகும் பொருளாகிறது. உள்ளே இருக்கிற இரும்பு முள்ளின் நிழல் நடுவில் மங்கலாகத் தெரியும், ஓரங்களில் வெளிச்சம் ஊடுருவும். உயிருள்ள நிம்ஃபின் உடம்பும் அப்படித்தான்: ஓரம் ஒளி, நடுவில் குடலின் கருமை. யோர்க்‌ஷயர்க்காரர் தலைமுறை தலைமுறையாகச் செம்மஞ்சள் பட்டும் கௌதாரி இறகும் மட்டும் வைத்துக் கட்டிய தூண்டில் இதைத்தான் செய்கிறது. மஞ்சள் பட்டில் செருப்புத் தைப்பவரின் கறுத்த மெழுகைத் தேய்த்தால் ஒலிவ் பச்சை வரும் என்றும் கண்டுகொண்டார்கள். மேசையில் அழகாக இருக்கிற தூண்டிலை நான் நம்புவதில்லை. அதை நனைத்துப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இறகுக்கும் இதே நியாயம். சேவலின் கழுத்து இறகு விறைப்பு, மிதக்கும் தூண்டிலுக்கு நல்லது. பெட்டைக் கோழி, கௌதாரி இறகுகள் மெத்தென்றவை. நீரோட்டம் இழுத்தால் உடம்போடு ஒட்டும், விட்டால் விரியும், கால் உதைப்பது போல. இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால் குடை மாதிரி ஆகிவிடும்.

அண்ணை 'ராசியான தூண்டில்' என்று ஒன்றைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். வள்ளத்து அணியத்தில் தேசிக்காய் கட்டுவதில் எனக்கு வழக்கில்லை, அது மனதுக்கு. ஆனால் ராசி தூண்டிலில் இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு: ஒரே இடம், ஒரே நேரம், இரண்டு தூண்டில், மாறி மாறி இருபது தரம் வீச வேண்டும். சொன்னேன். அவர் கேட்கவில்லை.

படித்தவர்களும் பெரிதாகக் கேட்பதில்லை. மகாவலியின் கற்களுக்கு அடியில் எந்த நிம்ஃப் எந்த மாதம் வளர்கிறது என்று பார்க்க, ஒரு மாணவனுக்குப் பஸ் காசும் கைவில்லையும் ஐந்து வருடமும் போதும். பெரிய இயந்திரம் வாங்கத் திறக்கிற பணப்பெட்டி இதற்கு ஏனோ திறக்க மறுக்கிறது. ஆறு கெட்டுப் போனால் முதலில் காணாமல் போவது இந்தப் பூச்சிகள்தான் என்பதால் எனக்குக் கோபம் இரட்டிப்பு.

நான் ட்ரவுட் பிடித்தவன் அல்ல. ஒருமுறை நம்மூர்க் கடையில் வாங்கிய தையல் நூலில் நானே நாலைந்து கட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், குளிரில் நடுங்கித் திரும்பியதுதான் மிச்சம்.

அந்தச் செம்மஞ்சள் தூண்டிலை இரவு யன்னலோரம் தொங்கவிட்டோம். காலையில் பார்த்தால் மறுபடி தோடம்பழ நிறம். அதோடு பெடியன் கையில் கிடைத்ததையெல்லாம் நனைக்கத் தொடங்கிவிட்டான்: கடதாசி, சாக்கு நூல், மாமியின் கைலேஞ்சி. எல்லாம் கருத்தன. சட்டையிலிருந்து அறுந்த பிளாஸ்டிக் பொத்தான் மட்டும் மாறவில்லை. ஏன் மாமா என்று கேட்டான்.

"அதுக்குள்ள காத்து இல்லையேடா," என்றேன்.