இருமல் வந்த அம்மா பால் கொடுக்கலாமா?

செல்லூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குக் குழந்தை பிறந்து 11 நாள். ஐப்பசி மழையில் வீடு முழுக்க ஃப்ளூ காய்ச்சல், அவளுக்கும் இருமல். மாமியார் குழந்தையை அடுத்த அறையில் போட்டுவிட்டு, பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொல்லிவிட்டார். "அக்கா, நீங்க சயின்ஸ் டீச்சர்தானே, பால் வழியாப் புள்ளைக்கு ஒட்டிக்கிருமா?" என்று போனில் அழுகிறாள்.

ஒட்டாது. ஃப்ளூவும் கொரோனாவும் இருமல், தும்மல், கை வழியாகத்தான் குழந்தைக்குப் போகும். அதனால் மாஸ்க் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், மற்ற நேரம் கொஞ்சம் தள்ளிப் படுத்தால் போதும். எழுந்து உட்காரவே முடியவில்லையா, பீய்ச்சிய பாலை நோயில்லாத ஒருவர் புகட்டட்டும். எச்.ஐ.வி., பிரசவத்தையொட்டி வரும் அம்மை இதெல்லாம் வேறு கதை, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பாலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கீழே ஊற்ற மனசு வராது. அம்மாவின் மூச்சுப்பாதையிலோ குடலிலோ ஒரு கிருமி நுழைந்ததும், அதை அடையாளம் கண்ட பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் ஏறி ஊர் சுற்றக் கிளம்பும். பால் சுரக்கும் காலத்தில் மார்பகம் சி.சி.எல்.28 என்றொரு ரசாயனத்தை வெளியிட்டு, 'இங்கே வாங்க' என்று அவற்றைக் கூப்பிடுகிறது! வந்த செல்கள் அங்கேயே குடியேறி ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும், அதுவும் இரண்டிரண்டாகக் கோத்து. எலிகளில் இந்த ரசாயனத்தைத் தடுத்துப் பார்த்தார்கள், பாலில் ஐ.ஜி.ஏ. வெகுவாகக் குறைந்துபோனது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. பால் சுரப்பிச் செல்லின் பின்பக்கம் 'வாங்கி' (ரிசெப்டர்) என்ற ஒரு புரதம் இந்த ஜோடியைப் பிடித்து, செல்லுக்குள் சுமந்துபோய் மறுபக்கம் பாலில் இறக்கிவிடும். இறக்கும்போது வாங்கியில் ஒரு துண்டு அறுந்து ஜோடியின் மேலேயே சுற்றிக்கொள்ளும். அந்தச் சட்டை இருப்பதால்தான் குழந்தையின் வயிற்று நொதிகள் அதைச் சட்டென்று செரித்துவிட முடியாமல், தொண்டையிலும் குடலிலும் கிருமியைப் பிடித்து வைக்க அதற்கு நேரம் கிடைக்கிறது. முதல் சில நாள் சீம்பாலில் இது கொட்டிக் கிடக்கும். அதை விட்டுவிட்டுச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பதும், சங்கு அளவு கழுதைப்பாலுக்குக் காசு கொடுப்பதும் எனக்குப் பொறுக்காது.

கர்ப்பத்தில் நடப்பது வேறு. அங்கே நஞ்சுக்கொடி வழியாகப் போவது ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம், அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதத்தில். கர்ப்பிணிக்கு ஃப்ளூ வந்தால் மூச்சுத்திணறல் வரை போகக்கூடும், பிறந்த குழந்தைக்கோ 6 மாதம் ஆகும்வரை ஃப்ளூ ஊசி போட முடியாது. அதனால் அம்மா போட்டுக்கொள்ளும் ஊசி இருவருக்குமாகிறது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை என்பதால் பயப்படத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் அவளிடம் இரண்டு தடவை சொன்னேன்: மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு உடம்பு சுட்டால் கை வைத்தியம் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது மாஸ்க்கோடு பால் கொடுக்கிறாள். மாமியாருக்கும் இருமல் வந்துவிட்டது, அடுத்த அறையில் அவர்தான் படுத்திருக்கிறார்.