எவ்வளவு போகும் என்று கேட்பதற்கு முன்

தொல்லியல் பற்றி எங்கே பேசப் போனாலும், முடிந்ததும் யாராவது ஒருவர் கைப்பேசியில் ஒரு ரோமானியக் காசின் படத்தைக் காட்டி, "சார், இது எவ்வளவு போகும்?" என்று கேட்பார். கொங்குப் பகுதியில் அந்தக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. "எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருந்தது? கூட என்ன கிடந்தது?" என்று நான் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல, ஏதென்சில் உள்ள ஒரு பழங்கிணற்றுக்குப் போக வேண்டும்.

பண்டைய ஏதென்சில், ஆபத்தானவர் என்று தோன்றும் தலைவரை மக்கள் வாக்களித்துப் பத்து ஆண்டுகள் ஊரைவிட்டு வெளியேற்றலாம். உடைந்த பானை ஓடுதான் வாக்குச்சீட்டு. அதில் பெயரைக் கீறிப் போட வேண்டும். 1937இல் ஏதென்சின் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிசின் வடக்குச் சரிவில் இருந்த அந்தக் கிணற்றை ஆஸ்கர் புரோனீர் அகழ்ந்தபோது சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: தெமிஸ்டாக்ளிஸ். சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடிக்க வழிகாட்டியவர்! ஓடுகளை அருகருகே வைத்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அத்தனையும் ஏறக்குறைய 14 பேரின் கையெழுத்துதான். பலவும் கோப்பைகளின் அடிப்பாகம், உள்ளங்கைக்குள் அடங்குபவை. எதிர்த்தரப்பினர் முன்பே எழுதி வாங்கி, வாக்காளர்களுக்குக் கொடுக்க வைத்திருந்தார்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இவற்றையே யாரோ அள்ளிப்போய் ஒவ்வொன்றாக விற்றிருந்தால்? ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு தெமிஸ்டாக்ளிஸ் இருந்திருப்பார். அந்த 14 கைகள் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அப்படிப் பறிகொடுத்ததும் உண்டு. ஏதென்ஸ் ஓவியர் யூஃப்ரோனியோஸ் தீட்டிய பெரிய மதுக்கலன் ஒன்றை, 1971இல் இத்தாலியின் செர்வெட்டேரி அருகே, அங்கே பண்டைக்காலத்தில் வாழ்ந்த எத்ருஸ்கர் என்ற மக்களின் கல்லறையிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தார்கள். மறு ஆண்டே நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அதைப் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. 2008இல் கலன் இத்தாலிக்குத் திரும்பியது. ஆனால் கல்லறையில் அது எந்த மூலையில், யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்பதை இனி யாராலும் மீட்க முடியாது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

சரி, உங்கள் நிலத்தில் ஏதாவது தட்டுப்பட்டால்? தோண்டுவதை நிறுத்துங்கள். பொருள் இருக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி புதையலைத் தெரிவிப்பது கட்டாயம். பளபளப்பாக்க வேண்டும் என்று புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் எங்களுக்கு வேண்டும்.