ரெப்போ குறைந்தது, உங்கள் தவணை குறைந்ததா?

கிருஷ்ணகிரியில் ஆடிட்டராக இருக்கிறேன். கொஞ்ச நாளாகவே வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்: "சார், ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சாச்சுன்னு டிவியில சொல்றாங்க. என் தவணை மட்டும் அப்படியே நிக்குதே?"

போன மாதம் கேட்டவர் ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கொரோனாவில் நின்ற ஜாப் ஒர்க் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. நாலு மெஷினில் மூன்றுதான் ஓடுகிறது. 2017-ல் வாங்கிய வீட்டுக்கடனின் சாங்ஷன் கடிதத்தை மேசையில் விரித்தார். மடிப்புகளில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. அதில் 'எம்.சி.எல்.ஆர்.' (வங்கி தானே கணக்குப் போடும் வட்டி) என்றிருந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினேன்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டிதான் ரெப்போ. 2020 மே மாதம் அது 4 சதவீதம். விலைவாசி ஏறவே, 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆக்கினார்கள். பணவீக்கம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட இலக்கு. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது பணவீக்கம் 7.44 சதவீதம். ராயக்கோட்டை தக்காளி மண்டி விலைக்கும் உங்கள் வீட்டுக்கடனுக்கும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. விலைவாசி அடங்கியபின், 2025 பிப்ரவரி முதல் டிசம்பருக்குள் நாலு தடவையாக 5.25-க்குக் குறைத்தார்கள்.

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடன், சிறுதொழில் கடன் எல்லாம் பெரும்பாலும் ரெப்போவோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்தியாக வேண்டும். எம்.சி.எல்.ஆர். அப்படியல்ல. அது அந்த வங்கி திரட்டும் பணத்துக்கு ஆகும் செலவை வைத்துப் போடும் கணக்கு. கூடுதல் வட்டிக்கு வாங்கிய டெபாசிட்டுகள் முதிரும்வரை அது மெதுவாகத்தான் இறங்கும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கோ இந்த ரெப்போ விதியே இல்லை, அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

வங்கியில் பழைய கடன் வைத்திருப்பவர் ரெப்போ முறைக்கு மாறலாம். நிர்வாகச் செலவு மட்டும் கேட்பார்கள். 10 லட்சம், 15 வருடம் என்று வையுங்கள். 9 சதவீதத்தில் தவணை சுமார் 10,143 ரூபாய். 7.75-ல் 9,413. பழைய தவணையையே கட்டினால் கடன் ஏறக்குறைய 22 மாதம் முன்னாலேயே தீரும்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். வட்டி ஏறிய காலத்தில் பலருக்குத் தவணை மாறாமல் மாதங்கள் மட்டும் நீண்டன. கடன் வாங்கியவருக்கே தெரியாது. தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று அவரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மீதி எத்தனை மாதம் என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

தவணையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள் என்பதுதான் நான் வழக்கமாகச் சொல்வது. பட்டறைக்காரருக்கு மட்டும் மாற்றிச் சொன்னேன். ஆர்டர் மந்தமாக இருக்கும்போது கையில் காசு வேண்டும். ரெப்போ முறைக்கு மாற்றித் தவணையைக் குறைக்கச் சொல்லி மறுநாளே கிளையில் கடிதம் கொடுத்தார், இந்த மாதத் தவணை குறைந்துதான் பிடித்திருக்கிறார்கள். மிச்சத்தைச் சேர்த்து நாலாவது மெஷினுக்கு பேரிங் மாற்றப் போவதாக நேற்று போனில் சொன்னார்.