செல்லைச் செய்தது யார் என்று கேட்டீர்களா?

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்றுதான். செல் எனப்படும் சின்னச் சின்ன பேட்டரிகள் பல சேர்ந்ததுதான் காரின் பெரிய பேட்டரி பேக். அந்த பேக்குகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் வேலை. ஒரு வண்டி எட்டு வருடம் கழித்து எந்த நிலையில் இருக்கும் என்பதைக் கணிக்க, அந்தக் கிலோமீட்டர் கணக்கு எனக்கு அவ்வளவாக உதவுவதில்லை. உள்ளே இருக்கும் செல் எந்த வகை, அதைச் செய்தது யார், அதை எப்படிக் குளிர்விக்கிறார்கள், இந்த மூன்றும் தெரிந்தால் ஓரளவு சொல்லிவிடலாம். ஷோரூமில் இதையெல்லாம் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

டயர், கண்ணாடி, விளக்கு என்று எதை வெளியிலிருந்து வாங்கினாலும், கார் கம்பெனிகள் இன்ஜினை மட்டும் பெரும்பாலும் தங்கள் கையிலேயே வைத்திருந்தன. மின்சாரக் காரில் அந்த இடத்துக்கு பேட்டரி வந்துவிட்டது. வண்டியின் அடக்கவிலையில் மற்ற எந்தப் பாகத்தையும்விட அதிகமாக விழுங்குவதும் அதுவே. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். அதனால்தான் டெஸ்லா பானசோனிக்கோடு நெவாடாவில் ஆலை போட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் எல்ஜியோடு கூட்டு சேர்ந்தது. ஃபோக்ஸ்வாகன் 2022-இல் செல் செய்வதற்கென்று பவர்கோ என்ற தனிக் கம்பெனியே தொடங்கியது. சீனாவின் பிஒய்டி வந்தது எதிர்த்திசையிலிருந்து. 1995-இல் பேட்டரி செய்யத் தொடங்கி, 2003-இல் ஒரு கார் கம்பெனியை வாங்கி, 2022 மார்ச்சில் பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. என்னைக் கேட்டால் அதுதான் சுலபமான வழி. செல் செய்யத் தெரிந்தவர்கள் கார் செய்யக் கற்றுக்கொண்டுவிடலாம். கார் செய்யத் தெரிந்தவர்கள் செல் செய்யக் கற்றுக்கொள்வதற்குத்தான் பணமும் காலமும் ஏராளமாக வேண்டும்.

ஏன் அப்படி? செல் ஆலையில் நடப்பது வேதியியல். அலுமினியத் தகட்டிலும் செம்புத் தகட்டிலும் மைக்ரான் கணக்கில் பூச்சு பூச வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் கெட்டு அமிலமாகும் என்பதால், ஈரப்பதத்தை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிட்ட அறைகளில்தான் வேலை. செல்லை மூடிய பிறகும் வேலை முடியவில்லை. முதல் சார்ஜை மிக மெதுவாக ஏற்றுவார்கள். அப்போது செம்புத் தகட்டில் பூசிய கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது; அது எவ்வளவு சீராக அமைகிறதோ அவ்வளவு நன்றாக அந்த செல் உழைக்கும். அப்புறம் நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில், செல்லைச் சும்மா கிடப்பில் போட்டு, சார்ஜ் தானாக இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். புது ஆலைகளில் ஆரம்பத்தில் கழிவாகப் போகும் செல்கள் நிறைய. சுவீடனின் பேட்டரி கம்பெனி நார்த்வோல்ட்டுக்குப் பணத்துக்கும் ஆர்டருக்கும் பஞ்சமில்லை. ஆனால் நல்ல செல்களைச் சொன்ன நேரத்தில், சொன்ன எண்ணிக்கையில் கொடுக்க முடியவில்லை. 2024-இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்டரைத் திரும்பப் பெற்றது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவாலானது.

ஆலையில் நடந்த சிறு பிசகு வாங்கியவர் வீட்டுக் கார் நிறுத்துமிடம் வரை வந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் மின்சாரக் காரான செவர்லே போல்ட் விவகாரம் அப்படித்தான் நடந்தது. சில செல்களுக்குள் ஆனோடின் (எதிர்மின் தகட்டின்) முனை கிழிந்திருந்தது, இரு மின் தகடுகளும் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் பிரிப்புப் படலம் மடிந்திருந்தது. இரண்டு குறையும் ஒரே செல்லில் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம். அதுவரை விற்ற போல்ட் கார்கள் அத்தனையையும், 1,40,000-க்கும் மேற்பட்டவற்றை, 2021-இல் திரும்ப அழைத்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், சார்ஜ் முடிந்ததும் வண்டியை வெளியே நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தினார்கள். காரில் இருந்தது செவர்லே பெயர், செல்லைச் செய்தது எல்ஜி. உங்கள் வண்டிக்கு இப்படி ஏதாவது திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி செல் வகை. இன்று கார்களில் பெரும்பாலும் இரண்டு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட எல்எஃப்பி. என்எம்சி அதே எடையில் அதிக தூரம் போகும். எல்எஃப்பி விலை குறைவு, அதிகமுறை சார்ஜ் ஏற்றி இறக்கத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் கடும் குளிரில் சோர்ந்துவிடும். பராமரிப்பில்தான் மக்கள் குழம்புகிறார்கள். ‘80 சதவீதத்தோடு நிறுத்து’ என்ற அறிவுரை என்எம்சிக்குப் பொருந்தும். எல்எஃப்பிக்கு வேறு சங்கதி. அதன் வோல்டேஜ் 40 சதவீதத்திலும் 60 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) பாதி ஊகத்தில்தான் காட்டுகிறது. அவ்வப்போது முழுதாக ஏற்றினால்தான் அந்தக் கணக்கு நேராகும். எல்எஃப்பி வண்டியை மாதக்கணக்கில் 80-லேயே நிறுத்திவிட்டு, ‘20 சதவீதம் காட்டியது, திடீரென்று நின்றுவிட்டது’ என்று வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். செல்லில் ஒரு குறையும் இருக்காது.

இன்னொன்று, வண்டி உயிரே இல்லாமல் நின்றால் பெரிய பேட்டரி போய்விட்டது என்று பதறாதீர்கள். பல நேரங்களில் தீர்ந்திருப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இல்லாமல், பெரிய பேக்கை வண்டியோடு இணைக்கும் ரிலே சுவிட்சுகள் இணையாது.

எந்த வகையானாலும் வெப்பம் எதிரி. 2010-இல் வந்த நிசான் லீஃபின் பேக்குக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய லீஃப்கள் ஓரிரு வருடங்களிலேயே கொள்ளளவை இழந்தன. அதனால் முழு சார்ஜோடு வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள். ஃபாஸ்ட் சார்ஜிங் பயணத்துக்கு இருக்கட்டும், தினசரிக்கு மெதுவானதே போதும். அடிப்பாகத்தில் பலமான அடி பட்டால், வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் பேக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் நீங்களாகத் தொடவே வேண்டாம்.

புது வடிவமைப்புகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இடமும் எடையும் மிச்சம் என்று மாட்யூல்களை, அதாவது செல்களைக் கொத்துக் கொத்தாக அடுக்கிய பெட்டிகளை, ஒழித்து, செல்களை நேரடியாக பேக்கில் ஒட்டுகிறார்கள். சிலர் அந்த பேக்கையே வண்டியின் தரையாக்கிவிடுகிறார்கள். செய்பவருக்கு லாபம். ஒரே ஒரு செல் கெட்டாலும் முழு பேக்கையும் மாற்றச் சொல்லும் நிலை வாங்கியவருக்கு. ‘மாட்யூலைத் தனியாக மாற்ற முடியுமா?’ என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

வாரண்டி பல கம்பெனிகளில் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்பார்கள். அந்த 70-ஐ அளப்பது அதே கம்பெனியின் மென்பொருள்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கு விற்கும் மின்சாரக் கார் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும். செய்தவர் யார், உள்ளே என்ன வேதிப்பொருள் என்பதெல்லாம் கியூஆர் கோடில் கிடைக்கும். மற்ற இடங்களில் இருப்பவர்கள் செல் வகை, செல்லைச் செய்தவர் பெயர், கொள்ளளவை எந்த முறையில் அளப்பார்கள், இந்த மூன்றையும் வண்டி எடுக்கும்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடம் ஒருமுறை சர்வீஸில் கொள்ளளவு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். வாரண்டி கோரும்போது கம்பெனியின் கணக்கோடு ஒப்பிட உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கும்.