"தம்பி, கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ"

திருகோணமலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எவரிடம் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வார்கள். படம் எடுத்து முடிந்து, முகம் திரையில் பெரிதாக வந்ததும் தாயோ பெரியம்மாவோ குனிந்து பார்ப்பார். பிறகு இந்தக் கோரிக்கை வரும். சாமத்தியவீட்டு ஆல்பம், கலியாணப் படம், மொடலிங்குக்காக எடுக்கும் போர்ட்ஃபோலியோ என்று எதுவும் விலக்கில்லை.

அப்படிக் கேட்பவரின் கண் பிழையானதல்ல. பெரும்பாலான வேளைகளில் அந்தப் படத்தில் முகம் உண்மையிலேயே இருண்டுதான் கிடக்கும். ஆனால் இருண்டு கிடப்பது வெளிச்சம், பழி விழுவது தோலின் நிறத்தில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ரீடச்சிங்தான், அதாவது எடுத்த படத்தைக் கணினியில் திருத்தும் வேலைதான், எங்கள் பிள்ளைகளின் முகங்களைச் சாம்பல் பூசியதுபோல் ஆக்கி வைத்திருக்கிறது. ஆகவே ஒரு படத்தில் கை வைக்கும் முன், அதில் என்ன பிழைத்திருக்கிறது என்று சரியாகச் சொல்லப் பழக வேண்டும்.

உப்புவெளிக் கடற்கரையில், கடலைப் பின்னால் வைத்து எடுத்த ஒரு மார்பளவுப் படத்தை எடுத்துக்கொள்வோம். மாநிறத்துக்குச் சற்றுக் கூடிய கறுப்பு நிறமுள்ள பெண், மெரூன் சாறி, தலையில் மல்லிகை, காதில் தங்கத் தோடு. நேரம் காலை ஏழு மணி. கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடல் பக்கம் இருக்கிறது, அதாவது மொடலுக்குப் பின்னால். கமரா காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக, சுமார் 18 வீதம் ஒளியைத் திருப்பும் ஒரு பரப்பாக எண்ணித்தான் வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பின்னால் மின்னும் கடலும் வானமும் இருந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் ஒன்று முதல் இரண்டு ஸ்டொப் வரை கீழே போய்விடும் (ஒரு ஸ்டொப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும்). திரையில் தெரியும் "கறுப்பு" அதுதான். எடுக்கும்போதே, கமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பென்சேஷனை +2/3 அல்லது +1 வைத்து, முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடித்திருந்தால் இந்தக் கதையே வந்திராது.

பலகை இரண்டடிக்கு மூன்றடி போதும். மொடலிலிருந்து மூன்று, நான்கு அடி தூரத்தில், முகத்தின் உயரத்தில், ஒரு பக்கமாகப் பிடிக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் வெளிச்சம் கீழிருந்து வந்து நாடிக்கும் மூக்குத் துவாரத்துக்கும் அடியில் விழும். மணலே கீழிருந்து வெளிச்சத்தைத் தெறிக்கும் இடம் அது, அதை மேலும் கூட்டக் கூடாது. வெள்ளி நிற ரிஃப்ளெக்டரைக் கடற்கரையில் தவிர்ப்பது நல்லது. கண்ணைக் கூசவைக்கும், வியர்வையை எண்ணெய்போல் மினுக்கும்.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. முகத்தில் மட்டும் வெளிச்சத்தை அளந்து (ஸ்பொட் மீற்றரிங்) எடுத்தால், கமரா அந்தக் கறுத்த தோலையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். தோல் வெளிறி, மல்லிகை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கறுத்த தோலில் ஸ்பொட் மீற்றர் காட்டும் அளவிலிருந்து அரை முதல் ஒரு ஸ்டொப் வரை குறைத்து எடுப்பதே சரி.

தொழில்நுட்பமே இந்த விஷயத்தில் நடுநிலையாகப் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கலர் பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷேர்லி கார்ட்' என்ற மாதிரிப் படங்களில் நீண்ட காலம் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். பிரின்ட் இயந்திரங்களின் நிறம் அந்தத் தோலுக்கே ஒத்துப்போகச் சரிசெய்யப்பட்டது. பல நிறத்தவரும் இருக்கும் கார்ட் பரவலாக வந்தது 1990களில்தான். இன்றைய கைபேசிகள் பலவற்றில் பியூட்டி மோட் முதலிலேயே போட்டபடி வருகிறது, கேட்காமலே தோலை வழுவழுப்பாக்கிவிடுகிறது. போர்ட்ஃபோலியோவுக்குக் கைபேசியில் எடுப்பவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள். அழிந்துபோன தோலின் நுண்துளைகளைப் பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது.

படத்தைப் பார்க்கும் முறை

முதலில் படத்தைத் தபால் முத்திரை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். கண் எங்கே முதலில் போகிறது? முகத்துக்குப் போகாமல் ஓரத்தில் நிற்கும் வெள்ளைப் படகுக்கோ, தோடின் மினுக்கத்துக்கோ போனால் அதுதான் முதலாவது குறை. பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். நெற்றிப்பொட்டு நடுவில் இல்லை, ஒரு தோள் இறங்கியிருக்கிறது, கடல் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போது பளிச்சென்று தெரியும். பழகிய முகத்தில் எங்கள் கண் குறைகளைத் தானாகவே சமன்செய்துவிடும், திருப்பினால் அந்தப் பழக்கம் உடைகிறது.

எங்கள் ஊர்ப் படங்களில் அதிகம் காணும் குறை கடல்கோடு. அது கழுத்துக்குக் குறுக்கே போனால் தலையை வெட்டியதுபோல் இருக்கும், கண்ணுக்குக் குறுக்கே போனால் பார்வை கலைந்துபோகும். கமராவைக் கொஞ்சம் தாழ்த்தினால் கடல்கோடு தோளுக்குக் கீழே இறங்கிவிடும். இதைக் கணினியில் சரிசெய்ய அரை நாள் போகும், கடற்கரையில் முழங்காலை மடித்தால் போதும்.

அடுத்தது மூக்கு. "மூக்கைச் சின்னதாக்கித் தாங்கோ" என்று கேட்கும் படங்களில் பெரும்பாலானவை முகத்துக்கு மிகக் கிட்ட நின்று எடுத்தவை. முகத்தின் அளவுகளை மாற்றுவது கமராவுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரம். ஒரு மீற்றருக்குள் நின்றால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். ஒன்றரை, இரண்டு மீற்றர் விலகி நின்று, பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃபிரேம் கமராவில் 85 மில்லிமீற்றர், சிறிய சென்சர் கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால் அந்த மூக்கு அதன் உண்மையான அளவுக்கு வந்துவிடும். உருவத்தைத் தள்ளி இழுத்து மாற்றும் லிக்விஃபை கருவி தேவைப்படாது.

கண்ணில் ஃபோகஸ் இருக்கிறதா என்று 100 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். ஃபுல் ஃபிரேமில் 85 மில்லிமீற்றர் லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 என்று அகலத் திறந்து ஒன்றரை மீற்றரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்ரிமீற்றர் அளவுதான். முகம் சற்றுத் திரும்பியிருந்தாலே தூரக் கண் மங்கிவிடும். எஃப் 4க்குச் சுருக்கினால் ஏழு சென்ரிமீற்றர் கிடைக்கும். கிட்டக் கண்ணே மங்கியிருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தெரிவுசெய்யுங்கள். ஷார்ப்பன் போட்டு மீட்க முனைந்தால் கண் கண்ணாடிக் கண்ணாகிவிடும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதையும் இடத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பின்னேரம் டச்சு பேயில் கடலைப் பின்னால் வைத்தால், தரைப்பக்கம் இறங்கும் சூரியன் நேரே முகத்தில் அடித்துக் கண்ணைச் சுருக்கும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மர நிழலில் எடுத்தால் இலைப்பச்சை முகத்தில் ஏறும், கறுத்த தோலில் அது நோயாளிக் களையாகத் தெரியும். ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் எங்களுக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். அந்நேரத்துப் படத்தில் கண்குழி இரண்டும் கரிக்கோடு போட்டதுபோல் இருக்கும், அதைப் பார்த்து "கருவளையம்" என்பார்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால், கடலைப் பின்னால் வைத்து நிற்பவரின் முடி பின்னோக்கிப் போகும். அது நல்லது. கடலைப் பார்த்து நின்றால்தான் முடி முகத்தில் விழும்.

கை வைக்கும் ஒழுங்கு

கமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்திருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். இருண்ட பகுதியைத் தூக்கினால் திட்டுத்திட்டாக உடையும். ரோவில் ஒரு ஸ்டொப் தூக்குவது சாதாரணம். முதலில் வைட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தால் வந்த நிறச் சாய்வை நீக்குவது. மொடலின் கையில் கிரே கார்ட் என்ற சாம்பல் நிற அட்டையைக் கொடுத்து முதல் படத்தை எடுத்திருந்தால் ஒரே சொடுக்கில் முடியும். பிறகு முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை மாஸ்க் போட்டு (மாற்றம் வேண்டிய இடத்தில் மட்டும் விழ மற்றதை மறைப்பது), கழுத்து, காது, கை எல்லாவற்றுக்கும் சேர்த்தே கொடுங்கள். முகத்தை மட்டும் தூக்குவதால்தான் ஒருவரின் தலையை இன்னொருவரின் உடம்பில் வைத்ததுபோல் ஆகிறது.

நிறம் சரியா என்று கண்ணை மட்டும் நம்பாதீர்கள். போட்டோஷொப்பின் இன்ஃபோ பனலில் கன்னத்தின் எண்களைப் பாருங்கள். எந்த மனிதத் தோலிலும் சாதாரண வெளிச்சத்தில் சிவப்பு கூடவும், பச்சை அடுத்தும், நீலம் குறைவாகவும் இருக்கும். மூன்று எண்களும் கிட்டக் கிட்ட வந்துவிட்டால் அங்கே தோல் சாம்பலாகிவிட்டது. வெள்ளையாக்கும் செயலிகள் செய்வது இதைத்தான்: வெளிச்சத்தைக் கூட்டி, நிறச்செறிவை உறிஞ்சிவிடுகின்றன.

அடுத்து படத்தின் மேல் ஒரு வெற்று லேயர் (அடுக்கு), வேறிடத்துத் தோலைக் கொண்டு பருவை மூடும் ஹீலிங் பிரஷ், சம்பிள் என்ற தெரிவில் 'கரன்ட் அன்ட் பிலோ'. பிரஷ் பருவைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். கன்னத்துப் பருவுக்குக் கன்னத்திலிருந்தே தோல் எடுங்கள். நெற்றி, மூக்கு, கன்னம் மூன்றிலும் நுண்துளைகள் வேறுவேறு. எதை அகற்றுவது, எதை விடுவது என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு: இரண்டு கிழமையில் தானாக மறையக்கூடியது போகலாம். பரு, நுளம்புக் கடி, சாறி ஊசி கீறிய கோடு, பவுடர்த் திட்டு எல்லாம் இதில் அடங்கும். மச்சம், பழைய தழும்பு, கன்னக்குழி இவை ஆளுக்குரியவை. அவர் கேட்டாலொழியத் தொடக்கூடாது.

நெற்றியில் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த மினுக்கம் இங்கே எந்நேரமும் இருக்கும். புதிய லேயரில் பிளென்டிங் மோடை டார்க்கன் ஆக்கி, பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து, 20 முதல் 30 வீத ஒபாசிட்டியில் (அடர்த்தியில்) மெதுவாகத் தடவினால் போதும். ஆனால் எல்லா மினுக்கத்தையும் எடுத்துவிடாதீர்கள். வெள்ளைத் தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் காட்டும். கறுத்த தோலில் அந்த வேலையின் பெரும்பகுதியைக் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் விழும் ஒளிதான் செய்கிறது. அதைத் துடைத்துவிட்டால் முகம் தட்டையாகும். கறுத்த முகத்தின் வடிவே அந்த ஒளியில் இருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட ரீடச்சரின் வேலை உடனே தெரிந்துவிடும்.

தோலின் மேடுபள்ளத்தைச் சமன்செய்ய, சிறு சிறு இடங்களை வெளிச்சமாக்கியும் இருட்டாக்கியும் போகும் டொட்ஜ் அன்ட் பேர்ன் முறையே சிறந்தது. வெளிச்சத்தை மாற்றும் கேர்வ்ஸ் லேயர்கள் இரண்டு, ஒன்று தூக்குவதற்கு, மற்றது இறக்குவதற்கு. இரண்டையும் மறைக்கக் கறுப்பு மாஸ்க். வேண்டிய இடத்தில் மட்டும் திறக்க மெல்லிய வெள்ளை பிரஷ், ஃப்லோ 2 அல்லது 3 வீதம். மேலே ஒரு தற்காலிகக் கறுப்பு வெள்ளை லேயரைப் போட்டுக்கொண்டால் நிறம் கண்ணை ஏமாற்றாது. மிகவும் பெருப்பித்து வைத்து இதைச் செய்தால் ஒவ்வொரு துளையையும் துரத்திக்கொண்டிருப்பீர்கள். முகம் முழுவதும் திரையில் தெரிய வேண்டும். ஒரு முகத்துக்கு அரைமணி நேரமாவது போகும்.

அவசரத்துக்கு எல்லோரும் ஓடுவது ஃப்ரீக்வென்சி செப்பரேஷனுக்கு: தோலின் நுண்துளைகள் மேல் லேயரிலும், மங்கலாக்கிய (பிளர்) நிறமும் வெளிச்சமும் கீழ் லேயரிலுமாகப் படத்தைப் பிரிக்கும் முறை அது. 24 மெகாபிக்சல் படத்தில் முகம் பாதி இடத்தைப் பிடித்திருந்தால் கீழ் லேயரின் பிளர் 6 முதல் 10 பிக்சல் போதும். அதன் பிறகு கீழ் லேயரைப் பெரிய அளவில் மேலும் மேலும் பிளர் செய்கிறார்கள். நாடியின் நிழலும் கழுத்தும் ஒன்றோடொன்று கரைந்து, துளைகள் மட்டும் மேலே மிதக்கும் பொம்மைத் தோல் வருவது அதனால்தான். கன்னத்தில் சிவப்புத் திட்டு, பவுடர் பிரிந்த இடம் போன்ற சிறு இடங்களுக்கு மட்டும் லாசோ என்ற தெரிவுக் கருவியால் சுற்றி எடுத்துச் செய்யுங்கள்.

கண்ணுக்குக் கீழான கருமையைப் பாதியாகக் குறைக்கலாம், முழுதாக அழித்தால் கண் வீங்கியதுபோல் ஆகும். பல்லில் மஞ்சளின் செறிவை 20 முதல் 30 வரை குறைத்தால் போதும். தங்க நகை கழுத்தில் விடும் மஞ்சள் தெறிப்பும் அப்படியே. கண்ணின் வெள்ளையைத் தூய வெள்ளையாக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு குரூப்பில் போட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து, அந்தக் குரூப்பின் ஒபாசிட்டியை 75 வீதமளவுக்கு இறக்கிப் பாருங்கள். அநேகமாக அதுதான் சரியான அளவு.

உடம்பைத் தொடும்போது

லிக்விஃபையால் இடுப்பை ஒடுக்கினால் பின்னால் உள்ள கடல்கோடும் சேர்ந்து வளையும். சாறிக் கரை அலைபாயும். பார்ப்பவருக்கு உடனே தெரியும். ஆனால் தெரியாதபடி செய்தாலும் இது வேறு வகை விஷயம். சாமத்தியவீட்டுப் படத்தில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவளுடைய இடுப்பையும் கன்னத்தையும் நிறத்தையும் மாற்றி ஆல்பத்தில் ஒட்டிக் கொடுத்தால், நீ இப்படி இருந்திருக்க வேண்டும் என்று வீட்டிலுள்ள எல்லோரும் ஒப்பமிட்டுக் கொடுத்த மாதிரி. அந்த வேலையை ஸ்டூடியோக்காரர் மறுக்க வேண்டும். பெற்றோர் கேட்கவும் கூடாது.

பிரான்ஸில் 2017 ஒக்டோபர் முதல், மொடலின் உடலைக் கணினியில் மெலிவாக்கியோ பருமனாக்கியோ வெளியிடும் விளம்பரத்தில் "திருத்தப்பட்ட படம்" என்று குறிப்பிட வேண்டும். நோர்வேயில் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் தோலையும் சேர்த்துக்கொண்டது. மொடலிங்குக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. ஆளெடுப்பவர் நேரில் பார்க்கும் முகமும் படத்தின் முகமும் வேறாக இருந்தால் வாய்ப்பு அங்கேயே முடிந்துவிடும். போர்ட்ஃபோலியோவில் குறைந்தது இரண்டு படங்கள் மேக்கப் இல்லாமல், ரீடச் இல்லாமல் இருக்கட்டும். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுக்கும் படங்களில் முகத்தைத் திருத்தவே கூடாது.

ஸ்டூடியோவில் கேட்கும் விதத்தையும் மாற்றிக்கொள்ளலாம். "முகத்துக்கு வெளிச்சம் காணாது, நிறத்தை மாற்றாமல் கூட்டித் தாங்கோ" என்று கேட்டால் வேலை தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார். திருத்தாத படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். படங்களை விளம்பரத்துக்கோ முகநூலுக்கோ பாவிப்பதானால் உங்கள் எழுத்து மூல சம்மதம் வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக பிரின்ட். திரையின் பிரகாசத்தை உச்சத்தில் வைத்து வேலை செய்தால் படம் திரையில் சரியாகவும் தாளில் இருட்டாகவும் வரும், பழி மறுபடியும் தோலில் விழும். 12க்கு 18 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று 3600க்கு 5400 வேண்டும். லேப் வேறு கேட்டாலொழிய எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள். முழு ஆல்பத்தையும் அடிக்கும் முன், அதே லேப்பில் அதே தாளில் 4க்கு 6 அளவில் ஒரு முகத்தை அடித்து, டியூப் லைட்டுக்குக் கீழே அல்லாமல் பகலில் யன்னலோரம் வைத்துப் பாருங்கள். இருட்டாக இருந்தால் திரையின் பிரகாசத்தைக் குறைத்துவிட்டு, வெளிச்சத்தை மட்டும் மறுபடி சரிசெய்து இன்னொன்று அடியுங்கள்.